மீந்திருந்த 33 மாத்திரைகள்: இமாட்டினிப் தடிப்பும் ஓர் உப்பளத் தொழிலாளியும்

ரத்தப் புற்றுக்கு நாளுக்கு ஓர் இமாட்டினிப் மாத்திரை எடுத்துக்கொண்டு, மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வந்திருந்த அந்த அக்காவிடம், துணிப்பையில் இருக்கும் மாத்திரைப் பட்டைகளை எல்லாம் மேசைமேல் எடுத்து வைக்கச் சொன்னேன். எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். 6 மாத்திரைகள் மீந்திருக்க வேண்டும், 33 இருந்தன.

பக்கத்து அறையில் மருத்துவர் அவருடைய அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தத்தில் நோய் எவ்வளவு மீதி இருக்கிறது என்று காட்டும் பி.சி.ஆர்-ஏ.பி.எல் அளவு 24 விழுக்காடு. மூன்று மாதத்தில் அது 10 விழுக்காட்டுக்குக் கீழே வந்திருக்க வேண்டும். மருந்துக்கு நோய் அடங்கவில்லை, மரபணு மாற்றத்தால் எதிர்ப்பு வந்துவிட்டதோ என்ற ஐயம் அவருக்கு. அதற்கான பரிசோதனையை எழுதி, அடுத்த நிலை மருந்துக்கு மாற்றுவதைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருந்தார். நான் பட்டைகளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

இந்த ஆய்வில் வருபவர் ஒரே ஆள் அல்லர். ரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக நான் கவனித்த சிலரிடம் கண்டவற்றை ஒருவருடைய கதையாகக் கோத்திருக்கிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எல்லாம் மாற்றப்பட்டிருக்கின்றன. ஆனால் தடிப்பு வந்த விதமும், அதனால் மாத்திரை நின்ற விதமும், நாங்கள் கேட்கத் தவறியதும் நடந்தவை.

நோயும் மாத்திரையும்

வயது 41. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் கூலி வேலை. கணவருக்கும் அதே வேலை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மாமியார் உடன் இருக்கிறார். மாசி மாதத்தில் இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது, இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, துணியெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்று வந்தார். மண்ணீரல் விலா விளிம்பிலிருந்து 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. வெள்ளையணுக்கள் 1,84,000. ஹீமோகுளோபின் 9.2. மரபணுப் பரிசோதனை, நாள்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்று என்று உறுதி செய்தது. நோய் முதல் கட்டத்தில்தான் இருந்தது.

இந்த நோயின் வேர் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது. 9ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. குட்டையாகிப்போன அந்தக் குரோமோசோமை 1960இல் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் கண்டார்கள். அதனால் அதற்கு அந்த ஊரின் பெயரே நின்றுவிட்டது. அது இடம் மாறிய ஒன்று என்பதை 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். ஒட்டிய இடத்தில் பிறக்கும் பி.சி.ஆர்-ஏ.பி.எல் என்ற புரதம் ஓயாமல் ‘பெருகு, பெருகு’ என்று அணுக்களை ஏவிக்கொண்டே இருக்கிறது. அந்தப் புரதத்தின் வாயை அடைக்கும் மாத்திரைதான் இமாட்டினிப். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முதன்முதலாக அதைப் பெரிய அளவில் சோதித்த ஆய்வில் 1,106 பேர் இருந்தார்கள். அந்த மாத்திரையில் தொடங்கியவர்களில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் பத்து ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று இல்லையென்றால் சில ஆண்டுகள்தான் என்று சொல்லப்பட்ட நோய் இது.

தமிழ்நாட்டுக்கும் இந்த மாத்திரைக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. இதன் காப்புரிமைக்கான விண்ணப்பம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான் தாக்கலானது. 2006 ஜனவரியில் அங்கேயே நிராகரிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று அந்த நிராகரிப்பு உறுதியானது. மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலை சொல்லப்பட்ட மருந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாகச் சில ஆயிரங்களில் கிடைத்தது. உப்பளக் கூலி வாங்கும் ஒருவரின் பையில் 33 மாத்திரைகள் மீந்து கிடக்க முடிந்ததற்குப் பின்னால் இவ்வளவு போராட்டம் இருக்கிறது. அன்று அந்தப் பட்டைகளைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது அதனால்தான். கோபம் அக்காமேல் இல்லை.

முடிவு வரும்வரை வெள்ளையணுக்களைக் குறைக்க ஹைட்ராக்சியூரியாவும், யூரிக் அமிலம் ஏறாமலிருக்க அல்லோபுரினாலும் கொடுக்கப்பட்டன. இரண்டு வாரத்தில் இமாட்டினிப் 400 மில்லிகிராம் தொடங்கியது: நாளுக்கு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன். ஹைட்ராக்சியூரியாவை உடனே நிறுத்திவிட்டோம். அல்லோபுரினாலை 14ஆம் நாள் நிறுத்தினோம். இந்தத் தேதிகள் பின்னால் தேவைப்படும்.

28ஆம் நாள் வந்தபோது மண்ணீரல் கைக்கு எட்டவில்லை. வெள்ளையணுக்கள் 7,200. காலையில் எழுந்தால் கண் இமைகள் வீங்கியிருக்கின்றன என்றார். அது இந்த மாத்திரையில் பலருக்கும் வருவது, பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். தோலைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

56ஆம் நாள் அவர் வரவில்லை. கணவர் வந்தார். உப்பு வாரும் பருவம், ஒருவர் கூலியாவது மிஞ்சட்டும் என்று அக்கா உப்பளத்திலேயே தங்கிவிட்டார். பக்கத்து ஆய்வகத்தில் எடுத்த ரத்த அறிக்கை கையில் இருந்தது. எண்ணிக்கை நன்றாக இருந்தது. மாத்திரையைக் கொடுத்தனுப்பிவிட்டோம். அன்று நானே பணியில் இருந்தேன்; ‘அக்காவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டேன். ‘பரவாயில்லை, சிஸ்டர்’ என்றார் அவர். அந்தக் கேள்விக்கு அந்தப் பதில்தான் வரும்.

வீட்டில் நடந்தது

33ஆம் நாள் முன்கைகளில் சிவந்த தடிப்புகள் தொடங்கின. இரண்டு நாளில் மார்பு, வயிறு, முதுகுக்குப் பரவின. அரிப்பு. பகலில் வேலையில் எப்படியோ மறந்துபோகும். இரவில் பாயில் படுத்தால் உடம்பு முழுவதும் எறும்பு ஊர்வது போல இருக்கும் என்றார். தூக்கம் போயிற்று.

முதலில் அவர் உப்புத் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டார். வெயில், வியர்வை, பாத்தியில் நின்று நின்று உப்பேறிய தோல். ஊறல் அந்த வேலையில் புதிதல்ல. பிறகு மருந்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் கையைப் பார்த்துவிட்டுப் படர்தாமரை என்று சொல்லி, ஒரு களிம்பும் ஏழு நாளைக்கு இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையும் கொடுத்தார். களிம்பில் குளோபிடசால் என்ற வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கலந்திருந்தன. 

நம்மூரில் தோல் அரித்தால் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018இல் விதி இறுக்கப்பட்டது. ஆனாலும் வாங்க முடிகிறது. இவர் விஷயத்தில் களிம்பைவிடப் பெரிய தீங்கு அந்த மாத்திரையால் வந்தது. இமாட்டினிபை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி. இட்ராகோனசோல் வகை மருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த கீட்டோகோனசோலுடன் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது உடலுக்குள் சேரும் இமாட்டினிபின் அளவு 40 விழுக்காடு கூடியது. இந்தத் தடிப்போ அளவு கூடக் கூட அதிகமாவது. 400 மில்லிகிராமில் கிளம்பிய தடிப்புக்கு மருந்தென்று, அதே 400ஐ இன்னும் பெரிதாக்கும் ஒன்றை அவர் ஏழு நாள் விழுங்கியிருக்கிறார். 41ஆம் நாள் தடிப்பு கழுத்துக்கு ஏறிவிட்டது.

பங்குனி வெயில். உடம்பெல்லாம் சிவந்து, முகமும் வீங்கியிருந்த மருமகளைப் பார்த்த மாமியார், அம்மை போட்டிருக்கிறது என்று முடிவு செய்தார். வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பு நின்றது. இளநீர், மோர், வேப்பிலைப் படுக்கை. அம்மன் இறங்கியிருக்கும் உடம்பில் ஆங்கில மருந்து சேரக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். மாத்திரையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். 42ஆம் நாள் முதல் 52ஆம் நாள் வரை, 11 நாட்கள். மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகுதான் மாத்திரை வெளியே வந்தது.

அந்த 11 நாளில் தடிப்பு அடங்கிவிட்டது! வீட்டாருக்கு அதைவிட வேறு சான்று என்ன வேண்டும்? 53ஆம் நாள் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாளாகத் தொடங்கினார். ஒரு வாரத்துக்குள் கையில் மறுபடி சிவப்பு. அப்போதுதான் அக்காவுக்குப் பொறி தட்டியிருக்கிறது. எங்களில் யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால், இந்த மாத்திரைதான் செய்கிறது என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதையே தொடர்ந்தார். 32 நாளில் போடாமல் விட்டவை 16 மாத்திரைகள். முந்தைய 11ஐயும் சேர்த்தால் 27. மேசைமேல் அதிகமாக இருந்ததும் அதே 27தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ‘இவ்வளவு விலை உயர்ந்த மாத்திரையைத் தருகிறீர்கள். உயிரைக் காப்பாற்றுகிறீர்கள். அரிக்கிறது என்று வந்து நிற்க வெட்கமாக இருந்தது, சிஸ்டர்’ என்றார்.

எந்த மருந்து?

ஹைட்ராக்சியூரியா, அல்லோபுரினால், இமாட்டினிப் என்ற மூன்று மருந்துகள் மீதும் சந்தேகம் விழலாம். உண்மையில் எங்கள் மருத்துவருக்கு முதல் பயம் அல்லோபுரினால் மீதுதான். தோலில் வரும் மிகக் கொடிய எதிர்விளைவுகளுக்குப் பேர்போன மருந்துகளில் அது ஒன்று. தொடங்கிய முதல் எட்டு வாரங்கள் அபாயமானவை. அக்காவுக்குத் தடிப்பு வந்தபோது அல்லோபுரினால் தொடங்கி 47 நாள் ஆகியிருந்தது. கணக்குப்படி அது அந்த எல்லைக்குள்தான் வருகிறது.

ஆனால் அல்லோபுரினால் நின்று 19 நாள் கழித்துத்தான் தடிப்பு வந்தது. அதைவிட முக்கியமானது, இமாட்டினிப் நின்ற 11 நாளில் தடிப்பு அடங்கியதும், அது மட்டும் மறுபடி தொடங்கியபோது தடிப்பும் தொடங்கியதும். இட்ராகோனசோலும் அதே 42ஆம் நாள் நின்றுவிட்டது என்பதால் அடங்கியதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. திரும்பி வந்ததுதான் சந்தேகத்தைத் தீர்த்தது. மருந்தை நிறுத்திப் பார், மீண்டும் கொடுத்துப் பார் என்பது நாங்கள் பாடத்தில் படித்த சோதனை. அந்தச் சோதனையை வீட்டில் அம்மனுக்காகச் செய்து முடித்திருந்தார்கள்.

தோல் மருத்துவர் அன்றே பார்த்தார். நோயாளியின் ஓர் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடல் பரப்பில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. அந்த அளவுகோலால் அளந்தபோது 18 உள்ளங்கை வந்தது. 10க்கும் 30க்கும் நடுவில் இருப்பதால் இரண்டாம் நிலை. வாய்க்குள் புண் இல்லை. கண் சிவக்கவில்லை. கொப்புளம் இல்லை. தோலைத் தொட்டால் வலி இல்லை, அரிப்பு மட்டுமே. காய்ச்சல் இல்லை, நெறி கட்டவில்லை. கல்லீரல் பரிசோதனை இயல்பு. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்ததில் பூஞ்சை ஏதுமில்லை. களிம்பு போட்ட இடங்களில் கழுத்து மடிப்புத் தோல் மெலிந்து பளபளத்தது.

இந்த ‘இல்லை’களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பது கட்டாயம். இமாட்டினிபால் வரும் தடிப்பு பெரும்பாலும் இப்படித்தான் சிவந்து, சற்று மேடாக, கை, முகம், உடல் என்று வரும். எடுத்துக்கொள்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதோவொரு வடிவில் தோல் தொல்லை வருகிறது. கடுமையாவது நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு. ஆனால் அந்தச் சிலரில் வாயும் கண்ணும் வெந்து தோல் உரியும் நிலையும் உண்டு. அப்போது மாத்திரையை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வர வேண்டும். உப்பளத்து அக்காவுக்கு வந்தது அது அல்ல. இவருடைய தடிப்பு பெரும்பாலும் ஒவ்வாமை வகையைச் சேர்ந்ததும் அல்ல. அளவோடு சேர்ந்து ஏறி இறங்குவதைப் பார்த்தால், மருந்தின் வேலையே தோலில் வெளிப்படுவது என்றுதான் கருத வேண்டியிருக்கிறது. புற்றுப் புரதத்தை அடைக்கும்போது தோலில் இருக்கும் வேறு சில புரதங்களையும் இமாட்டினிப் சேர்த்து அடைக்கிறது. ஒவ்வாமை அல்ல என்பதால்தான் மருந்தை விடாமல் தடிப்பை மட்டும் அடக்கிக்கொண்டு முன்னேற முடிகிறது.

செய்தது

மரபணு மாற்றப் பரிசோதனையை மருத்துவர் ரத்து செய்யவில்லை. ஆனால் மருந்தை மாற்றும் முடிவைத் தள்ளிவைத்தார். ஒழுங்காகப் போடாத மாத்திரை வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது? 84 நாளில் 57 மாத்திரைகள், மூன்றில் இரண்டு பங்கு. லண்டனில் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்போம். மாத்திரையில் 90 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு ஆறு ஆண்டுகளில் நோய் ஆழமாக அடங்கும் வாய்ப்பு 94.5 விழுக்காடு. அதற்குக் கீழே எடுத்தவர்களுக்கு 28.4. மாதத்தில் மூன்று நாள் தவறினால் 90 விழுக்காட்டில் நிற்கிறோம். அவ்வளவு குறுகிய வரப்பு அது.

தோல் மருத்துவரும் எங்கள் மருத்துவரும் சேர்ந்து எடுத்த முடிவு இது. இமாட்டினிப் நாள்தோறும், ஆனால் இரண்டு வாரத்துக்கு 300 மில்லிகிராம். அதற்குக் கீழே இறக்கினால் நோய்க்குப் போதாது. பிறகு 400. கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 20 மில்லிகிராமில் தொடங்கி மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். அதற்கு முன் சர்க்கரையும் மார்பு எக்ஸ்ரேயும் பார்த்தோம். உடலுக்கு மோமெட்டசோன் களிம்பு, முகத்துக்கும் கழுத்துக்கும் மென்மையான ஹைட்ரோகார்ட்டிசோன். இரவில் தூங்குவதற்கு அரிப்பு அடக்கும் மாத்திரை. கடைக் களிம்பைக் குப்பையில் போடச் சொன்னோம்.

தடிப்பு உடலின் 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் வழி வேறு. மாத்திரையை முழுவதும் நிறுத்தி, எடைக்கு ஏற்ப கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் பிரெட்னிசோலோன் கொடுத்து, தோல் அடங்கியபின் 100 மில்லிகிராமில் தொடங்கி வாரம் 100ஆக ஏற்றிக்கொண்டே ஸ்டீராய்டைக் குறைப்பார்கள். அப்படி ஏறி மீண்டும் 400ஐ எட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். எட்ட முடியாதவர்களுக்கு டசாட்டினிப், நிலோட்டினிப் போன்றவை இருக்கின்றன. இமாட்டினிபில் தடித்த தோல் அவற்றிலும் தடித்தே தீரும் என்பதில்லை. ஆனால் அவற்றுக்கு அவற்றின் தொல்லைகள் உண்டு. நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பது டசாட்டினிபில். நிலோட்டினிபை வெறும் வயிற்றில் கடிகாரம் பார்த்து எடுக்க வேண்டும், சர்க்கரையும் ரத்தக்குழாயும் கவனம். உப்பளத்தில் விடியுமுன் வேலைக்கு இறங்குகிறவருக்கு அந்தக் கடிகாரம் எளிதல்ல.

மருந்துச் சீட்டு எழுதி முடிக்க ஐந்து நிமிடம். மீதி வேலைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

உப்பளத்தில் தண்ணீர்தான் முதல் சிக்கல். பாத்தியில் நிற்பது உப்பு நீர். குடிக்கவே நல்ல தண்ணீர் சுமந்துகொண்டு போகிறார்கள். வேலை முடிந்து வீடு வரும்வரை உப்பு தோலிலேயே காய்கிறது. இன்னொரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுபோய் வேலை முடிந்த கையோடு கை கால் கழுத்தைக் கழுவ முடியுமா என்று கேட்டேன். கணவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவதாக ஒப்புக்கொண்டார். சேலைக்குமேல் அவர் போடும் ஆண் சட்டை பாலியஸ்டர். அதைப் பருத்தியாக்கச் சொன்னோம், முழுக்கை, கழுத்துவரை பொத்தான். இந்த மருந்தில் வெயில் சிலருக்குத் தோலை இன்னும் சிவக்கவைக்கும். சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்தால் வாங்கமாட்டார் என்று தெரியும். துணி கட்டாயம் போடுவார்.

குளியல் வெதுவெதுப்பான அல்லது பச்சைத் தண்ணீரில். பீர்க்கன் நார் வேண்டாம். குளித்துத் துடைத்து ஈரம் முழுவதும் காய்வதற்குள் வாசலின் போன்ற ஒன்றை மெல்லியதாகப் பூச வேண்டும், இரவில் மட்டும். பகல் வெயிலில் எண்ணெய்ப் பசையோடு வேர்த்தால் வேர்க்குருவும் சேர்ந்துகொள்ளும். தேங்காய் எண்ணெய் போடலாமா என்றார் மாமியார். இரவில் தாராளமாகப் போடலாம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியதில் சொறிந்த இடங்கள் எரிந்திருக்கின்றன. கீறல் ஆறும்வரை அரைப்புகள் எதுவும் வேண்டாம் என்றேன். நகத்தை நானே வெட்டிவிட்டேன்.

பிறகு அம்மை. மாமியாரிடம் அவருடைய நம்பிக்கை தவறு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அடுத்த முறை எங்களிடம் மறைத்துவிடுவார்கள். எனக்கும் சிறு வயதில் அம்மை வார்த்திருக்கிறது, என் அம்மாவும் வேப்பிலையில்தான் படுக்கவைத்தார். நான் சொன்னது இவ்வளவே: இந்த உடம்பில் உண்மையிலேயே அம்மை வந்தால் அது மற்றவர்களுக்கு வருவதைவிட ஆபத்து. நீர்க் கொப்புளமும் காய்ச்சலும் கண்டால் வாசலில் வேப்பிலையை வையுங்கள், அன்றைக்கே இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை நாம் சேர்ந்து முடிவு செய்வோம். மாமியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘போன் நம்பரைப் பெரிதாக எழுதிக் கொடு, தாயே’ என்றார்.

ஓர் அட்டையில் எழுதிக்கொடுத்தேன்: இமாட்டினிப் எடுக்கிறேன், இட்ராகோனசோல், கீட்டோகோனசோல், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் இவற்றைக் கேட்காமல் தராதீர்கள், ரிஃபாம்பிசின், ஃபெனிட்டாயின் இந்த மருந்தின் வலுவைக் குறைக்கும். அக்காவுக்கு அல்ல, கடைக்காரருக்கான அட்டை அது. நாட்டு மருந்து எது எடுத்தாலும் என்னிடம் சொல்ல வேண்டும் என்பது வாய்மொழி.

அதன் பிறகு

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இருமுறை நானே போன் செய்தேன். ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற கேள்வியை விட்டுவிட்டேன். ‘நேற்று இரவு எத்தனை முறை சொறிந்துகொண்டு எழுந்தீர்கள்? பட்டையில் எத்தனை மாத்திரை இருக்கிறது?’ இவை இரண்டுதான். ஐந்தாம் நாள் முதன்முறையாக விடியும்வரை தூங்கியதாகச் சொன்னார். 400க்கு ஏற்றிய வாரம் முன்கையில் மறுபடி சிவந்தது. குரலில் பயம் தெரிந்தது. களிம்பை ஒரு வாரம் கூட்டினோம், அளவைக் குறைக்கவில்லை. அடங்கியது.

மரபணு மாற்றம் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. நான்கரை மாதத்தில் பி.சி.ஆர்-ஏ.பி.எல் 7 விழுக்காடு. ஆறாம் மாதம் 2.6, ஒன்றுக்குக் கீழே வந்திருக்க வேண்டும், வரவில்லை. பன்னிரண்டாம் மாதம் 0.4; அங்கேயும் 0.1ஐ எட்டியிருக்க வேண்டும். இழந்த 27 நாளின் கடன் ஓர் ஆண்டு வரை தொடர்ந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பதினெட்டாம் மாதம் 0.07.

ஆறாம் மாதத்தில் வேறொன்று வந்தது. தடிப்பு இருந்த இடம் மட்டுமல்ல, முகம், கை என்று எல்லா இடமும் நிறம் வெளுக்கத் தொடங்கியது. வெயிலில் கறுத்த உப்பளக் கைகள் மாநிறமாயின. தெருவில் வெண்குட்டம் என்றார்கள். மகளுக்கு நாளை வரன் பார்க்கும்போது இதைச் சொல்லித் தட்டிக் கழிப்பார்களே என்று அக்கா அழுதார். நோயைச் சொன்னபோதுகூட அவர் அப்படி அழவில்லை.

இமாட்டினிப் அடைக்கும் புரதங்களில் ‘கிட்’ என்பதும் ஒன்று. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உயிர்வாழவும் பெருகவும் அதன் துணை வேண்டும். பிறவியிலேயே அந்த மரபணுவில் குறை உள்ள சிலருக்கு முன்நெற்றி முடியில் வெள்ளைக் கொத்து இருக்கும். அதே புரதத்தை மருந்து அடைக்கும்போது தோல் முழுவதும் பரவலாக வெளுக்கிறது. நம்மைப் போன்ற கருந்தோலில் அது பளிச்சென்று தெரிகிறது. இது வெண்குட்டம் அல்ல, தொற்றாது, பிள்ளைகளுக்குப் போகாது, மருந்தை நிறுத்தினாலோ குறைத்தாலோ பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். ஆனால் அதற்காக நிறுத்த முடியாது. இதைத் தெருக்காரர்களிடம் சொல்ல நான் போக முடியாது. மகளை அழைத்துவந்து உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கினேன். அவள் கேட்ட கேள்விகள் அவளுடைய பாடப் புத்தகத்தைவிட ஆழமாக இருந்தன. வீட்டில் இப்போது மாத்திரைக் கணக்கு அவள் கையில்: நாள்காட்டித் தாளைக் கிழிப்பதற்கு முன் அம்மா மாத்திரை போட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் கிழிக்கிறாள்.

இமை வீக்கம் இன்னும் இருக்கிறது. சித்திரையில் அரிப்பு எட்டிப் பார்க்கும், களிம்பு ஒரு வாரம் போடுவார், போய்விடும். எங்கள் பிரிவில் மாதாந்திரப் பதிவேட்டில் ரத்த எண்ணிக்கைக் கட்டங்களுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் புதிதாகக் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறோம். ஒன்று ‘தோல்’, இன்னொன்று ‘மீதி மாத்திரை’. கணவரோ மகனோ வந்து வாங்கிப்போனாலும் அந்த இரண்டையும் நோயாளியிடமே போனில் கேட்டு நிரப்பிய பிறகுதான் அடுத்த மாதப் பட்டைகளைக் கையில் கொடுக்கிறோம்.